விரல் கண்ட எழுத்து: லூயி பிரெயிலின் வாழ்வும் ஆக்கமும்

முன்னுரை

ஏரும் உளியும் எழுத்தாணியும் மனிதன் தன் கைக்கேற்பச் செய்துகொண்ட கருவிகள். உழுபவன் தோளளவு அறிந்து ஏர் செய்தனர். செதுக்குபவன் பிடியறிந்து உளி செய்தனர். எழுத்தும் ஒரு கருவியே. அக்கருவியைக் கண்ணுடையோர் தம் கண்ணுக்கேற்பச் செய்துகொண்டனர். கண்ணிலார்க்கு அது எட்டாப் பொருளாயிற்று.

பார்வையற்ற பெரும்புலவர்கள் பலர் தமிழிலும் பிற மொழிகளிலும் தோன்றியுள்ளனர். இரட்டைப் புலவருள் ஒருவரும், அந்தகக்கவி வீரராகவ முதலியாரும், மாம்பழக் கவிச்சிங்க நாவலரும் நாம் அறிந்தோர். அரபு இலக்கியத்தில் பதினோராம் நூற்றாண்டின் அபுல் அலா அல்மஅர்ரி பெரும்புகழ் பெற்றவர். இவர்கள் யாவரும் செவிவழிக் கற்றனர், நினைவில் தேக்கினர், சொல்லிப் பிறரை எழுத வைத்தனர். தாம் பாடிய பாட்டைத் தாமே படித்துப் பார்க்கும் வாய்ப்பு அவர்களுக்கு இல்லை. பாடம் பிழைபட எழுதப்பட்டாலும் அறிய வழியில்லை.

இந்நிலையை மாற்றியவர் பிரான்சு நாட்டு லூயி பிரெயில். அவர் செய்ததை ஒரு கண்டுபிடிப்பு என்ற ஒரு சொல்லில் அடக்குவர். பயன்படுத்துவோரை நடுவில் வைத்துப் பொருள்களை வடிவமைப்பது எப்படி என்று இன்று பொறியியல் துறையினர் ஆராய்கின்றனர். அவ்வாய்வு முறையாகத் தோன்றுவதற்கு ஒரு நூற்றாண்டுக்கும் மேல் முன்னரே, ஒரு பள்ளி மாணவர் அதனைத் தம் விரல்நுனியில் செய்து காட்டினார் என்பதே இக்கட்டுரை நிறுவ விழையும் கருத்தாகும்.

பிறப்பும் இளமையும்

பாரிஸ் நகருக்குக் கிழக்கே ஏறத்தாழ 40 கிலோமீட்டர் தொலைவில் உள்ள கூவ்ரே என்னும் சிற்றூரில் 1809ஆம் ஆண்டு ஜனவரித் திங்கள் 4ஆம் நாள் லூயி பிறந்தார். நான்கு மக்களுள் இளையவர். தந்தையார் சிமோன் ரெனே குதிரைகளுக்குச் சேணமும் வாரும் தைக்கும் தொழிலாளர். வீட்டோடு ஒட்டிய பட்டறையில் தோலும் கத்தியும் குத்தூசியும் எப்போதும் கிடக்கும்.

மூன்று வயதுக் குழந்தை தந்தையைப் போலத் தோலைத் துளைக்க முயன்றது. குத்தூசி நழுவி ஒரு கண்ணைக் குத்தியது. அக்காலத்தில் கிருமி பற்றிய அறிவு மருத்துவர்க்கும் இல்லை. புண் சீழ்கொண்டு மற்றைக் கண்ணுக்கும் பரவியது. ஐந்து வயதிற்குள் இரு கண்ணும் முற்றும் ஒளியிழந்தன.

அக்காலப் பிரான்சில் ஏழைக் குடும்பத்துப் பார்வையற்ற குழந்தைக்குப் பெரும்பாலும் பிச்சையே தொழிலாக வாய்க்கும். லூயியின் பெற்றோர் அவ்வாறு விடவில்லை. தந்தையார் கைத்தடி செய்து கொடுத்து ஊரில் நடக்கப் பழக்கினார். ஊர்ப் பாதிரியார் பாலுயி பாடம் சொன்னார். ஊர்ப் பள்ளி ஆசிரியர் பெஷரே ஏனைய பிள்ளைகளோடு இவரையும் அமர்த்திக்கொண்டார். கேட்டவற்றை உடன் நினைவில் கொள்ளும் ஆற்றல் இவருக்கு இருந்தது. ஆயினும் பிற மாணவர் நூலைத் திறக்கும்போது இவர் கைகட்டி இருக்க வேண்டியிருந்தது. பத்து வயதில், 1819ஆம் ஆண்டு பிப்ரவரியில், பாரிஸ் நகரத்து அரசுப் பார்வையற்றோர் பள்ளியில் சேர்க்கப்பட்டார்.

பாரிஸ் பள்ளியும் புடைப்பெழுத்தும்

அப்பள்ளியை 1785இல் நிறுவியவர் வாலந்தன் ஆயுய் என்னும் பெருமகனார். 1771ஆம் ஆண்டு பாரிஸ் சந்தையொன்றில் பார்வையற்றோர் சிலருக்குக் கோமாளி உடையும் பெருங்கண்ணாடியும் அணிவித்து, இசைக்கருவி வாசிப்பது போல் நடிக்கவிட்டு மக்கள் நகைத்ததை அவர் கண்டார். அக்காட்சி அவர் உள்ளத்தை வருத்தியது. பார்வையற்றோரைப் படிக்க வைப்பேன் என்று உறுதிபூண்டார். கோயில் வாயிலில் இரந்து நின்ற லெசுவர் என்னும் இளைஞரைத் தம் முதல் மாணவராக்கினார். அச்சிட்ட தாளொன்றின் பின்புறம் எழுத்துப் புடைத்திருந்ததை அம்மாணவரின் விரலே முதலில் கண்டது என்றும், அதிலிருந்தே ஆயுய் தம் முறையைக் கண்டார் என்றும் கூறுவர்.

அம்முறை இதுதான்: கண்ணால் படிக்கும் அதே எழுத்தைப் பெரிதாக்கி, ஈரத்தாளில் அழுத்திப் புடைக்கச் செய்தல். நோக்கம் உயர்ந்தது, கருவியோ ஒத்துவரவில்லை. எழுத்துப் பெரிதாயின் நூலும் பெரிதாகும். தாள்களை முதுகோடு முதுகு ஒட்டிக் கட்டிய அந்நூல்களைச் சிறுவர் தூக்கவும் இயலாது. செய்யும் செலவும் மிகுதி. ஆகவே நூல்களும் மிகச் சிலவே. எல்லாவற்றினும் பெருங்குறை, அவ்வெழுத்தை மாணவர் தம் கையால் எழுத இயலாமை. படிக்கலாம், விடை எழுத இயலாது.

இக்குறையை நம் நாட்டிலேயே ஓர் இடத்தில் நின்று உணரலாம். புதுக்கோட்டை மாவட்டத்துக் குன்றாண்டார்கோவிலில் பாறையைக் குடைந்தமைத்த பழங்கோயிலும், குதிரைகள் இழுக்கும் தேர்போல் அமைந்த மண்டபமும் உள்ளன. கல்வெட்டுகளும் உண்டு. கல்லில் வெட்டிய எழுத்து, விரலுக்குத் தட்டுப்படும் எழுத்தே. ஆயினும் கண்ணை மூடிக்கொண்டு அத்தகைய ஒரு வரியின்மேல் விரலை ஓட்டிப் பார்ப்போர்க்குக் கோடுகள் வளைவதும் பிரிவதும் தெரியுமேயன்றி, இது ணகரம், இது னகரம் என்று விரைந்து பகுத்தறிய இயலாது. வளைவுகளைக் கண் ஒரே பார்வையில் முழுமையாகக் கொள்ளும். விரல் அவற்றைச் சிறிது சிறிதாகத் தொடர்ந்தே அறியும். சிற்பியின் உளி கண்ணுக்காக வெட்டியது. ஆயுய் செய்ததும் கண்ணின் எழுத்தையே விரலுக்குக் கொடுத்ததாகும். விரலுக்கு உரிய எழுத்து எது என்ற வினா அப்போது எழவில்லை.

பார்பியேயின் புள்ளிமுறை

அவ்வினாவுக்குப் பாதி விடையைக் கொண்டுவந்தவர் சார்லஸ் பார்பியே. படையில் பணியாற்றியவர். எளிய முறையில் விரைந்து எழுதும் வழிகளை ஆராய்வதில் நாட்டம் மிக்கவர். ஒளியின்றியும் எழுதிப் படிக்கத்தக்க புள்ளிமுறை ஒன்றை வகுத்து, 1821ஆம் ஆண்டளவில் பாரிஸ் பள்ளிக்கு வழங்கினார். கோடிட்ட பலகையும் கூர்முனை எழுத்தாணியும் அம்முறைக்குரிய கருவிகள்.

கோட்டினும் புள்ளியே விரலுக்குத் தெளிவு என்ற உண்மை இதனால் வெளிப்பட்டது. மாணவர் முதன்முறையாகத் தம் கையால் எழுதினர். இவ்வகையில் பார்பியேக்குப் பார்வையற்றோர் உலகம் என்றும் கடப்பாடுடையது.

ஆயினும் அம்முறையில் இரு பெருங்குறைகள் இருந்தன. ஒன்று, உருவம் பற்றியது. ஓர் ஒலிக்குறி இரு நிரல்களில் பன்னிரண்டு புள்ளி வரை நீண்டது. ஒரு குறியை அறிய விரல் மேலும் கீழும் அலைய வேண்டும். மற்றொன்று, இதனினும் ஆழமானது. பார்பியே ஒலிகளை மட்டுமே குறித்தார். சொல்லை அதன் எழுத்து முறைப்படி எழுத வழியில்லை. நிறுத்தக்குறிகள் இல்லை, எண்கள் இல்லை, இசைக்குறிகள் இல்லை. கல்வி குறைந்தோர்க்கு எளிய எழுத்து வேண்டும் என்று அவர் கருதியதால் இவை வேண்டாதனவாகத் தோன்றின.

பிறர்க்கு நன்மை செய்ய முனைவோர் பலரும் இங்கேதான் இடறுவர். பெறுவோர்க்கு இவ்வளவு போதும் என்று அளப்பவர் கொடுப்பவராகவே இருந்துவிடுகின்றார். தமிழில் இதனை வைத்துப் பார்ப்போம். நாவின் வழக்கில் பலர் ணகரத்தையும் னகரத்தையும் வேறுபடுத்துவதில்லை. ரகரமும் றகரமும் ஒன்றாகவே ஒலிக்கின்றன. ஒலியை மட்டும் எழுதுக என்று ஒரு மாணவர்க்குச் சொன்னால், அரம் எது, அறம் எது என்பதை அவர் என்றும் எழுத்தில் அறியார். அவருக்கு நாம் கொடுத்தது எழுத்தாகாது, எழுத்தின் நிழலாகும்.

ஆறு புள்ளிகள்

பன்னிரண்டு வயது நிரம்பிய லூயி அப்புள்ளிமுறையைக் கற்றார். அதன் வலிமையையும் குறையையும் தம் விரலாலேயே அறிந்தார். பள்ளி முடிந்த மாலை வேளைகளிலும், இரவிலும், விடுமுறையில் ஊருக்குச் சென்றபோதும் பலகையும் எழுத்தாணியுமாக ஆய்ந்தார். 1824ஆம் ஆண்டில், பதினைந்து வயதில், தம் முறையின் வடிவை அடைந்தார்.

பன்னிரண்டை ஆறாகக் குறைத்தது அவர் செய்த முதல் மாற்றம். இரு நிரல், நிரலுக்கு மூன்று புள்ளி. இக்கட்டம் முழுதும் விரல்நுனியின் சதைப்பற்றுக்குள் அடங்கும். விரலை ஏற்றி இறக்க வேண்டா. இடமிருந்து வலமாக நகர்த்தினால் போதும். ஆறு புள்ளிகளுள் எவை புடைக்கும், எவை புடையா என்பதைக் கொண்டு 63 வடிவங்கள் கிடைக்கின்றன. எழுத்து, எண், நிறுத்தக்குறி, இசை ஆகிய அனைத்திற்கும் அவை போதுமாயின.

அமைப்பிலும் ஓர் ஒழுங்கு வைத்தார். முதல் பத்து எழுத்துகளுக்கு மேல் நான்கு புள்ளிகள் மட்டும். அடுத்த பத்துக்கு அதே வடிவங்களோடு இடப்புறக் கீழ்ப்புள்ளி சேரும். அதற்கடுத்த வரிசைக்குக் கீழ்ப்புள்ளி இரண்டும் சேரும். ஆகவே கற்போர் முதல் பத்தை மனத்தில் இருத்தினால் ஏனையவை தொடர்ந்து வரும். அதே பத்து வடிவங்களின் முன் ஒரு குறியிட்டால் அவை எண்களாகும்.

இரண்டாவது மாற்றம், ஒலியை விட்டு எழுத்தைக் குறித்தது. பார்வையுடையோர் எந்த எழுத்தால் ஒரு சொல்லை எழுதுகின்றனரோ அதே எழுத்தால் பார்வையற்றோரும் எழுதலாம். குறைந்த கல்வி, குறைந்த எழுத்து என்ற ஏற்பாட்டை அச்சிறுவர் ஏற்கவில்லை. இம்முடிவில்தான் அவருடைய ஆக்கத்தின் மேன்மை அடங்கியுள்ளது என்பது நம் துணிபு.

இம்முறையை விளக்கும் நூல் 1829இல் வெளிவந்தது. அதில் பார்பியேயின் முறையே தமக்கு வழிகாட்டியது என்று நன்றியுடன் குறித்தார். அந்நூலின் வடிவத்தில் புள்ளிகளோடு சிறு கோடுகளும் இருந்தன. எழுத்தாணியால் கோடிடுதல் கடினம் என்பது பழக்கத்தில் தெரிந்தது. 1837ஆம் ஆண்டுப் பதிப்பில் கோடுகளை நீக்கினார். தாம் செய்ததைத் தாமே பயன்படுத்திப் பார்த்தும், உடன் பயில்வோர் பயன்படுத்தக் கண்டும் திருத்திய பாங்கு இதனால் விளங்கும். அதே 1837இல் பிரான்சு வரலாறு பற்றிய நூலொன்று புள்ளியெழுத்தில் பள்ளியிலேயே அச்சாயிற்று.

ஆசிரியர்ப் பணி

படித்த பள்ளியிலேயே லூயி துணையாசிரியராகி, 1833இல் முழு ஆசிரியரானார். இலக்கணம், வரலாறு, கணிதம், இசை முதலியவற்றைக் கற்பித்தார். ஆர்கன் என்னும் இசைக்கருவியில் வல்லவராய்ப் பாரிஸ் நகரக் கோயிலொன்றில் வாசிக்கும் பணியும் ஏற்றார். சிறு ஊதியத்திலும் வறிய மாணவர்க்குப் பொருளுதவினார். தமக்குக் கடன்பட்டோரின் சீட்டுகளைத் தம் மறைவுக்குப்பின் எரித்துவிடுமாறு சொல்லிச் சென்றார் என்று அவர்தம் நண்பர்கள் குறித்துள்ளனர்.

புள்ளியெழுத்தால் பார்வையற்றோர் தம்முள் எழுதிக்கொள்ள முடிந்தது. ஆனால் ஊரிலுள்ள தாய்க்கு ஒரு மடல் எழுத வேண்டுமாயின்? தாய் புள்ளியெழுத்து அறியார். இச்சிக்கலையும் அவர் எண்ணினார். வழக்கமான எழுத்துகளின் உருவத்தையே புள்ளிகளால் வரையும் மற்றொரு முறையை 1839இல் வெளியிட்டார். பார்வையற்றவர் எழுத, பார்வையுள்ளவர் கண்ணால் படிக்கலாம். அம்முறையில் விரைந்து எழுதுதற்குரிய பொறியொன்றை, தாமும் பார்வையற்றவராகிய பியேர் ஃபூக்கோ என்பவர் 1840களின் தொடக்கத்தில் செய்தார். தட்டச்சுப் பொறியின் முன்னோடிகளுள் ஒன்றாக அது எண்ணப்படுகின்றது.

தடையும் ஏற்பும்

இத்துணைச் சிறப்புடைய முறையைப் பள்ளி உடனே ஏற்றிருக்கும் என்று நாம் கருதலாம். நடந்தது வேறு. தலைமை வகித்த பீனியே இதற்கு ஆதரவாக இருந்தார். 1840இல் அவர் நீங்க, தூஃபோ என்பவர் பொறுப்பேற்றார். பார்வையற்றோர்க்கெனத் தனி எழுத்து இருந்தால் அவர்கள் பிறரினின்றும் விலகிப் போவர் என்பது அக்காலத்தார் பலர் எண்ணம். கண்ணால் படிக்க இயலாத எழுத்தைக் கண்ணுள்ள ஆசிரியர் எவ்வாறு கற்பிப்பர் என்ற அச்சமும் இருந்தது. புதிய தலைவர் பிற நாட்டுப் புடைப்பெழுத்தை வரவழைத்தார். புள்ளியெழுத்தைப் பாடத்திலிருந்து நீக்கினார். பழைய நூல்கள் எரிக்கப்பட்டன என்றும் வரலாற்றாசிரியர் குறிப்பர்.

மாணவர் விடவில்லை. எழுத்தாணியை ஒளித்து வைத்தனர், இரவில் குறிப்பெழுதினர், மூத்தோர் இளையோர்க்குச் சொல்லிக் கொடுத்தனர். ஒரு கருவி நல்லதா அன்றா என்பதற்கு இதனினும் சிறந்த சான்று வேண்டுமா? தடுத்தும் மக்கள் பயன்படுத்துவார்களாயின் அது நல்ல கருவி. வற்புறுத்தியும் பயன்படுத்தாராயின் அது தீய கருவி.

இதனை உணர்ந்தவர் துணைத்தலைவர் குவாதே. அவர் தூஃபோவின் மனத்தை மாற்றினார். 1844ஆம் ஆண்டு பிப்ரவரியில் பள்ளியின் புதிய கட்டடம் திறக்கப்பட்டபோது, அவையோர் முன்னிலையில் புள்ளியெழுத்து செய்து காட்டப்பட்டது. ஒரு சிறுவர் கேட்டெழுத, எழுதும்போது உடனில்லாத மற்றொருவர் வந்து அதனைத் தடவிப் படித்தார். ஐயங்கொண்டோர் வாயடைத்தனர்.

அப்போது லூயியின் உடல் காசநோயால் நலிந்திருந்தது. 1835 முதல் அந்நோய் அவரைப் பற்றியிருந்தது. பள்ளியின் பழைய ஈரக்கட்டடம் அதற்கு ஒரு காரணம் என்பர். 1852ஆம் ஆண்டு ஜனவரி 6ஆம் நாள், நாற்பத்து மூன்று வயது நிறைந்த இரண்டாம் நாளில், அவர் மறைந்தார். பிரான்சு நாடு புள்ளியெழுத்தை முறைப்படி ஏற்றது 1854இல். அவர் மறைந்து இரண்டாண்டுகள் கழித்து. 1952இல் நூற்றாண்டு நினைவாக அவருடலை எடுத்துச் சென்று பாரிஸ் நகரத்துப் பாந்தியன் மண்டபத்தில் நாட்டின் பெருமக்களோடு அடக்கம் செய்தனர். கைகளை மட்டும் பிறந்த ஊராகிய கூவ்ரேயிலேயே வைத்துக்கொண்டனர். அவ்வூரார்க்கு அவர் கைகளின் அருமை தெரிந்திருந்தது.

தீர்ப்புக் கூறியவர் யார்?

பிற நாடுகளில் வெவ்வேறு புடைப்பெழுத்து முறைகள் வழங்கின. ஒவ்வொன்றையும் ஒவ்வோர் அமைப்பு ஆதரித்தது. இங்கிலாந்தில் ஆர்மிட்டேஜ் என்னும் மருத்துவர் பார்வை குன்றியதால் தொழிலை விட்டவர். 1868இல் அவர் ஒரு சங்கம் அமைத்து, எம்முறை சிறந்தது என்று ஆராய முற்பட்டார். ஆராய்வோர்க்கு அவர் வகுத்த தகுதி மிகவும் கருதத்தக்கது. அவர்கள் விரலால் படிப்போராக இருத்தல் வேண்டும். பல முறைகளையும் அறிந்திருத்தல் வேண்டும். எம்முறையாலும் பொருள் ஆதாயம் பெறாதவராக இருத்தல் வேண்டும். அக்குழுவினர் பிரெயிலின் முறையையே தேர்ந்தனர். 1878இல் பாரிஸ் நகரில் கூடிய பன்னாட்டு மாநாடும் அம்முறைக்கே முதன்மை தந்தது.

கண்ணுள்ளோர் ஐம்பதாண்டு வாதிட்டும் தீராத வழக்கை விரலுள்ளோர் தீர்த்தனர் எனலாம்.

தமிழில் புள்ளியெழுத்து

தமிழர்க்குப் புள்ளி புதிதன்று. மெய்யெழுத்தின் இயல்பே புள்ளி பெறுதல். ஆயினும் ஓலையில் எழுதுவோர் புள்ளியிட்டால் ஓலை துளைபடும் என்று அஞ்சி அதனை விட்டனர். எகர ஏகார, ஒகர ஒகார வேறுபாடும் மறைந்தது. எழுதுவோர்க்கு எளிமை, படிப்போர்க்குத் தடுமாற்றம். பதினெட்டாம் நூற்றாண்டில் வீரமாமுனிவர் செய்த எழுத்துத் திருத்தம் படிப்போர் பக்கம் நின்று செய்ததாகும். ஓலைக்குப் பகையான புள்ளியே பார்வையற்றோர் தாளில் எழுத்தின் உயிராய் அமைந்தது ஒரு வியப்பே.

தமிழ்நாட்டில் பாளையங்கோட்டையில் ஆஸ்க்வித் அம்மையார் 1890இல் பார்வையற்றோர் பள்ளியைத் தொடங்கினார். இந்திய மொழிகளுக்குப் புள்ளியெழுத்து வகுக்கும் முயற்சிகள் அந்நாளிலேயே தோன்றின. ஆனால் முறைகள் பலவாகி, ஒரு பள்ளியில் அச்சிட்ட நூல் மற்றொரு பள்ளிக்குப் பயன்படாமற் போயிற்று. விடுதலைக்குப் பின்னர், யுனெஸ்கோ நிறுவனத்தின் துணையோடு 1951இல் பாரதி பிரெயில் என்னும் பொதுமுறை உருவாயிற்று. அவ்வாண்டிலேயே டேராடூனில் நடுவண் பிரெயில் அச்சகமும் அமைந்தது. தமிழும் இந்தியும் வங்கமும் ஒத்த ஒலிக்கு ஒத்த வடிவத்தைக் கொள்கின்றன.

தமிழ் மாணவர் அறிதற்பொருட்டுச் சில காட்டுவோம். இடநிரலில் மேலிருந்து கீழாக 1, 2, 3 என்றும், வலநிரலில் 4, 5, 6 என்றும் புள்ளிகளை எண்ணுவர். அகரம் 1 மட்டும். ககரம் 1, 3. மகரம் 1, 3, 4. லகரம் 1, 2, 3. நம் மொழிக்குச் சிறப்பான ழகரம் 1, 2, 3, 5, 6. ணகர, நகர, னகரங்களுக்குத் தனித்தனி வடிவங்கள் உண்டு, ஐயத்திற்கு இடமில்லை. உயிர்மெய்யை எழுதும் முறை இலக்கணம் பயில்வோர்க்கு இன்பந்தரும். அச்செழுத்தில் கொ என்பதைக் கொம்பு முன்னும் கால் பின்னுமாக எழுதுகின்றோம். புள்ளியெழுத்தில் ககரம் முன்னும் ஒகரம் பின்னும் வரும். மெய்யின் பின்னே உயிர் ஒலிக்கும் என்ற இலக்கண நெறியைக் கண்ணெழுத்தினும் விரலெழுத்து நேராகக் காட்டுகின்றது.

எழுதும் முறையும் அறியத்தக்கது. சிலேட்டில் தாளைப் பொருத்தி வலமிருந்து இடமாகக் குத்துவர். தாளைத் திருப்பினால் புள்ளிகள் புடைத்து நிற்கும். இடமிருந்து வலமாகப் படிக்கலாம்.

புதுக்கோட்டை காட்டிய பாடம்

பிரெயிலின் வாழ்வு உணர்த்தும் கருத்து பார்வையற்றோர்க்கு மட்டும் உரியதன்று. நம் அண்மையிலேயே ஒரு சான்று உண்டு. 1991இல் புதுக்கோட்டை மாவட்டத்தில் அறிவொளி இயக்கம் நடந்தது. மாவட்ட ஆட்சியராக இருந்த ஷீலா ராணி சுங்கத் எழுத்தறிவோடு மிதிவண்டி ஓட்டும் பயிற்சியையும் சேர்த்தார். அதன்பின் சிற்றூர்ப் பெண்கள் பெருந்திரளாக மிதிவண்டி கற்றனர். கற்றோர் தொகை இலட்சத்தைத் தாண்டும் என்று அதனை நேரில் கண்டெழுதிய இதழாளர் குறித்துள்ளார். பெண்களுக்கென்று செய்த வண்டிகள் கடைகளில் கிடைக்காமற் போயின. ஆண்கள் வண்டியையே வாங்கி ஓட்டினர்.

அப்போது ஓர் உண்மை வெளிப்பட்டது. பெண்கள் சிலர் ஆண்கள் வண்டியையே விரும்பினர். இருக்கைக்கும் கைப்பிடிக்கும் இடையிலுள்ள அந்தக் குறுக்குக் கம்பியில் குழந்தையை உட்கார வைத்துச் செல்லலாம் என்பது அவர்கள் கண்ட பயன். பெண்கள் வண்டி செய்தோர் சேலைக்கு இடையூறென்று அக்கம்பியைத் தாழ்த்தி வளைத்தனர். சேலையை எண்ணினர், குழந்தையை எண்ணவில்லை. காலையில் குழந்தையையும் குடத்தையும் வேலையையும் ஒருங்கே சுமக்கும் தாய்க்கு எது வேண்டும் என்பதை அத்தாயே அறிவாள்.

பார்பியே பார்வையற்றோரைக் கேட்காமல் அளந்ததும், வண்டி செய்தோர் தாய்மாரைக் கேட்காமல் அளந்ததும் ஒரு தன்மையனவே. இருவரிடமும் அன்புக்குக் குறைவில்லை. கேட்டறியும் வழக்கமே குறைவு.

இன்றைய நிலை

கடந்த நூற்றாண்டின் பிற்பகுதியில் இக்கருத்து ஓர் ஆய்வுத் துறையாக வளர்ந்தது. இளமையில் இளம்பிள்ளை வாதத்தால் சக்கர நாற்காலியில் வாழ்ந்த அமெரிக்கக் கட்டடக் கலைஞர் ரொனால்டு மேஸ், 1985இல் அனைவர்க்குமான வடிவமைப்பு என்னும் கொள்கைக்குப் பெயரிட்டார். 1999இல் பன்னாட்டுத் தரநிர்ணய அமைப்பு, கணிப்பொறி சார்ந்த கருவிகளைப் பயனர் நோக்கில் வடிவமைக்கும் நெறிகளைத் தரமாக வெளியிட்டது. அந்நெறிகளின் சாரம் இது: பயன்படுத்துவோர் யார், எவ்விடத்தில், எச்செயலுக்கு என்று முதலில் அறிக, மாதிரி செய்க, அவர்களிடமே கொடுத்துப் பார்க்க, குறை கண்டு திருத்துக. 1821க்கும் 1837க்கும் இடையில் பாரிஸ் பள்ளியில் நடந்தது வேறென்ன?

2006இல் ஆஸ்திரேலியாவில் பார்வையற்ற இளைஞர் இருவர், மைக்கேல் கரனும் ஜேம்ஸ் டேவும், திரையில் உள்ளதைக் குரலாக்கிப் படிக்கும் என்விடிஏ என்னும் மென்பொருளை உருவாக்கத் தொடங்கினர். அதனை விலையின்றியே வழங்குகின்றனர். நம் நாட்டு மாணவரும் தமிழ்க் குரலில் அதனைப் பயன்படுத்துகின்றனர். இங்கும் பயன்படுத்துவோரே படைத்தோர்.

நம் நாட்டில் 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளர் உரிமைச் சட்டம், அனைவர்க்குமான வடிவமைப்பையும் அணுகும் வசதியையும் உரிமையாகக் கூறுகின்றது. சட்டம் உண்டு, வகுப்பறை எவ்வாறுள்ளது? பார்வையற்ற மாணவர் பலர் தமிழ் இலக்கியம் விரும்பிப் படிக்க வருகின்றனர். ஆசிரியராகிய நாம் கரும்பலகையில் எழுதுகின்றோம். குறிப்புகளைப் படியெடுத்துத் தருகின்றோம். தேர்வில் அவர் சொல்ல மற்றொருவர் எழுதுகின்றார். அவர் சரியாகச் சொன்ன சொல்லை எழுதுபவர் பிழையாக எழுதினால் மதிப்பெண் யாருக்குக் குறைகின்றது? இரட்டைப் புலவர் காலத்து நிலை இதனின்று எவ்வளவு தொலைவு?

ஒலிநாடாவும் பேசும் கைப்பேசியும் வந்தபின் புள்ளியெழுத்து எதற்கு என்போரும் உளர். செவி பாடத்தைத் தரும், எழுத்துக்கூட்டைத் தாராது. யாப்பின் அசையையும் சீரையும் பிரித்தறியவும், ஒற்று மிகுமிடம் மிகாவிடம் உணரவும் எழுத்து விரலின்கீழ் நிற்றல் வேண்டும். கேள்வியறிவோடு நிற்க என்று பார்வையற்ற தமிழ் மாணவர்க்குச் சொல்வது, பார்பியேயின் முறைக்கே திரும்புக என்று சொல்வதாகும்.

முடிவுரை

லூயி பிரெயில் சேணம் தைக்கும் தொழிலாளியின் மகன். செல்வமோ பதவியோ அவர்க்கில்லை. தம்மைக் குருடாக்கிய குத்தூசியைப் போன்ற ஒரு கூர்முனையையே கருவியாக்கி எழுத்துப் படைத்தார் என்று அவர் வாழ்வை வியந்து பேசுவர். அவ்வியப்போடு நாம் நின்றுவிடலாகாது.

அவர் விட்டுச் சென்ற நெறி எளிது. எவர்க்காகச் செய்கின்றோமோ அவரைக் கேட்டுச் செய்க. அவர் கையில் கொடுத்துப் பார்க்க. அவர் சொல்லும் குறையை ஏற்றுத் திருத்துக. இவ்வளவே இவர்க்குப் போதும் என்று அளவை நாமே முடிவு செய்யாதிருக்க. பொருள் செய்வோர்க்குப் பொருந்தும் இந்நெறி பாடம் சொல்வோர்க்கும் பொருந்தும். அடுத்த கல்வியாண்டில் நம் வகுப்பில் பார்வையற்ற மாணவர் ஒருவர் வந்து அமர்வாராயின், முதல் நாளே அவரிடம் நாம் வினவ வேண்டியது ஒன்றுண்டு: பாடத்தை எவ்வடிவில் தந்தால் தங்களால் தாமே படிக்க இயலும்? அவ்வினாவை எழுப்பி, விடையைக் கேட்டு, அதன்படி நடப்பதே அப்பெருமகனார்க்கு நாம் செய்யும் சிறப்பாகும்.